‘கட்டை வணக்கம்’ என்னும் பழிமொழி மறுப்பு

ஒரு மக்கட்கூட்டத்தாருடைய சமய ஒழுக்கத்தைப் பழிக்கப் புகுவார் முதற்கண் அதற்குத் தாமே ஒரு பெயரிடுவர். பின்னர் அப்பெயரின் பொருளையே அவ்வொழுக்கத்தின் பொருளாக வைத்து வழக்குரைப்பர். முடிவில் அவ்வழக்கிற்குத் தாமே நடுவராயும் அமர்ந்து தீர்ப்புங் கூறுவர். இம்முறையாற் பழிசுமந்தோர் உலகிற் பலர். அவருள், ஆப்பிரிக்காவின் நடுவணதாகிய காங்கோ நாட்டில் வாழும் சொங்யே என்னும் மக்களும் ஒருவராவர். அவர் மரத்திற் செதுக்கி, மருந்துப் பொருள்களை உள்வைத்து, ஊர்க்காவலாகப் போற்றிய உருவங்களை ஐரோப்பியர் ‘ஃபெட்டிஷ்’ என்று வழங்கினர். கட்டையையே தெய்வமென மயங்கி வணங்குதல் என்பது அச்சொல்லான் அவர் கருதிய பொருள்.

இப்பழி இன்று வேறோர் உடை உடுத்து நிற்கின்றது. அன்று அவ்வுருவங்களை இழித்தோர் வழியினர் இன்று அவற்றைக் கலையென்று புகழ்கின்றனர். கண்ணாடிப் பேழையுள் வைத்து விளக்கேற்றிக் காட்டுகின்றனர். பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர். இது கண்டு, பண்டைப் பழி தீர்ந்ததென்று மகிழ்வாருமுளர். அற்றன்று. அப்பழியும் இப்புகழும் ஒரே வேரினின்று முளைத்த இரண்டு கிளைகள் என்பதே ஈண்டு நிறுவப்படுவது. யாங்ஙனமெனின், பழித்தோரும் மரத்தையே கண்டனர். புகழ்வோரும் மரத்தையே காண்கின்றனர். அம்மரத்தை அவ்வுருவமாக்கியது யாதென இருதிறத்தாரும் வினவினாரல்லர்.

முதற்கண் அம்மக்கள் யாவரென்பது அறியற்பாலது. சொங்யே மக்கள் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் தென்கிழக்குப் பகுதியில், லுவாலாபா ஆற்றிற்கு மேற்கே, லோமாமி ஆறு பாயும் நிலப்பரப்பிற் பெரும்பாலும் வாழ்வோர். அவர் பேசுவது பாந்து இனத்தைச் சார்ந்த மொழி. அவரோடு நெருங்கிய உறவும் நெடிய பகையும் கொண்ட லூபா மக்கள் அவர்க்கு அண்டையர். வேளாண்மையும் வேட்டையும் அவர் தொழில். இரும்பையும் செம்பையும் உருக்கி வேலைப்பாடமைந்த கோடரிகள் செய்தலிற் பெயர்பெற்றோர். அவர் தம் காவலுருவத்தை, ஒன்றாயின் ‘ன்கிஷி’ என்றும், பலவாயின் ‘மன்கிஷி’ என்றும் வழங்குவர். மேலைக் கடற்கரையை அடுத்து வாழும் கொங்கோ இனத்தாரிடத்தும் இதனையொத்த பெயருடைய உருவங்கள் உண்டு. உடம்பெங்கும் ஆணியறையப்பட்டுப் படங்களில் மிகுதியும் காணப்படுவன அவையே. அவ்விரு நாடுகட்கும் இடையே ஏறத்தாழ ஆயிரங் கிலோமீட்டர் தொலைவு உண்டு. ஒன்றன் வரலாற்றை மற்றொன்றன்மேல் ஏற்றி, எல்லாம் ஒன்றேயென எழுதிச் செல்லுதல் பழிப்போர் வழக்கம். அம்மயக்கம் ஈண்டு விலக்கப்பட்டது.

இனி, அப்பழிச்சொல்லின் பிறப்பை ஆராய்தல் வேண்டும். ‘ஃபெட்டிஷ்’ என்பது ஆப்பிரிக்கச் சொல்லன்று. போர்ச்சுகீசியர் தம் நாட்டுச் சிற்றூர்களில் வழங்கிய தாயத்து, கட்டு, சூனியம் முதலியவற்றைக் குறிக்கத் தம் மொழியிற் கொண்டிருந்த ‘ஃபெய்ட்டீசு’ என்னும் சொல்லே அதன் மூலம். அதுவும், ‘செய்யப்பட்டது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றியது. 15ஆம் நூற்றாண்டில் மேலை ஆப்பிரிக்கக் கரையை அடைந்த அவ்வணிகர், ஆங்குத் தாம் கண்டனவும் காணாதனவுமாகிய எல்லாவற்றிற்கும் அச்சொல்லையே சூட்டினர். தம் வீட்டு அழுக்கைக் குறிக்கும் சொல்லைப் பிறர் வீட்டு வாயிலில் எழுதிவைத்தது போன்றது அச்செயல்.

அவ்வணிகர் கூற்றுக்களையே சான்றாகக் கொண்டு, பிரெஞ்சு நாட்டு அறிஞர் சார்லசு தெ புரோசு என்பார் 1760இல் ஒரு நூல் வெளியிட்டார். மாந்தர் சமயத்தின் மிகத் தாழ்ந்த முதற்படி இத்தகைய பொருள்வணக்கமேயென்றும், ஆப்பிரிக்க மக்கள் இன்னும் அப்படியிலேயே நிற்கின்றனரென்றும் அவர் அந்நூலிற் சாதித்தார். பின்வந்த தத்துவ நூலார் பலர் அப்படிமுறையை அவ்வாறே ஏற்றனர். 19ஆம் நூற்றாண்டில் அகுஸ்த் கோந்த் அதனைத் தம் கொள்கையில் ஓர் அடுக்காகவே அமைத்தார். ஈண்டு உணரற்பாலது ஒன்றுண்டு. தெ புரோசு ஆப்பிரிக்காவை மிதித்தவரல்லர். சொங்யே நாட்டினூடே ஜெர்மானியராகிய போக்கேயும் விஸ்மானும் சென்றது 1881-82இல். எனவே, சொங்யே மக்களை ஐரோப்பியர் கண்ணாற் காணுமுன்னரே, நூற்றிருபது ஆண்டு முன்பே, அவர் சமயம் இன்னதென்று தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. சான்றின்றி எழுதிய தீர்ப்பைக் காட்டிப் பின்னர்ச் சான்று தேடப்பட்டது என்க. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோசு என்பார், இச்சொல் இரு நாகரிகத்தார்க்கிடையே நேர்ந்த பெரியதொரு தவறுணர்ச்சியின் விளைவேயென்றும், ஆராய்ச்சியினின்று அறவே நீக்கற்பாலதென்றும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கருத்துரைத்தார். அதன் பின்னரும் விற்பனைப் பட்டிகளிலும் செய்தித்தாள்களிலும் அச்சொல் அழியாது வாழ்கின்றது.

அற்றேல், ன்கிஷி என்பதுதான் யாது? ஊர் முழுமைக்கும் உரிய பெருவுருவங்களும், ஒரு வீட்டாரோ ஒருவரோ வைத்துக்கொள்ளும் சிற்றுருவங்களும் என அவை இருவகைப்படும். சிற்றுருவம் கைக்குள் அடங்கும் அளவினதாயும் இருக்கும். ஊர்க்குரியது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்து நிற்பதும் உண்டு. அகன்ற தாடையும், நிமிர்ந்த கழுத்தும், வயிற்றின் இருமருங்கும் அணைத்து வைத்த கைகளும், பெரிய பாதங்களும் உடையதாய் அது பீடத்தின்மேல் நிற்கும். உச்சியில் விலங்கின் கொம்பு நடப்பட்டிருக்கும். முகத்திற் செப்புத் தகடுகளும் ஆணிகளும் பதிக்கப்பட்டிருத்தலும் உண்டு. அத்தகடுகள் மின்னலின் ஆற்றலைக் குறித்து, தீயோர்மேற் செல்வதனை உணர்த்துமென்று ஆராய்ந்தோர் கூறுவர். இடையில் நாராடையோ தோலோ, கழுத்தில் மணியோ அணியப்பட்டிருக்கும்.

இவையெல்லாம் புறம். அகம் வேறு. உருவத்தின் வயிற்றிலும் தலையிலும் குழி குடையப்பட்டிருக்கும். அக்குழிகளிலும் உச்சிக் கொம்பிலும் ‘பிஷிம்பா’ எனப்படும் பொருள்கள் செறிக்கப்படும். வலிய விலங்குகளின் நகம், மயிர், தோல், எலும்பு, மரஞ்செடிகளின் வேர், பட்டை, மண் முதலியனவும், சிலவற்றில் மாந்தர் மயிரும் நகமும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வோர் ஆற்றலைக் குறித்தே தேர்ந்தெடுக்கப்படும். அவற்றைத் தேர்வோனும் சேர்ப்போனும் உருவத்திற் செறிப்போனும் ‘ன்கங்கா’ என்னும் மருத்துவ மந்திரவாதியேயாவன். பிஷிம்பா இல்லாத உருவம் சொங்யே மக்களுக்கு ன்கிஷி அன்று, செதுக்கிய மரமே.

இதனினும் நுண்ணியது ஒன்று. ன்கிஷியை ஆக்கியோன் யாவனென வினவின், சொங்யே மக்கள் தச்சனைச் சுட்டுவாரல்லர், ன்கங்காவையே சுட்டுவர். தச்சன் கலம் வனைந்தோன்; கலத்தை நிறைத்தோன் மற்றையோன். ஊர்க்குரிய ன்கிஷியாயின், அதனை எடுத்தல் வேண்டுமென்று முடிவுசெய்வோர் ஊர் மூத்தோர். மகப்பேறின்மை, கொள்ளைநோய், பகைவர் படையெடுப்பு, சூனியத்தால் நேரும் இறப்பு என்றின்னவை ஊரை வருத்துங்கால் அவர் கூடி முடிவுசெய்வர். மூத்தோரின் எண்ணம், தச்சனின் கை, ன்கங்காவின் அறிவு, ஊரார் அனைவரின் உடன்பாடு ஆகிய நான்கும் கூடியவழியன்றி ஊர்க்குரிய ன்கிஷி தோன்றாது. ஒருவன் காட்டிற் கிடந்த கட்டையைக் கண்டு மருண்டு வணங்கினான் என்னுங் கதைக்கு இவ்வூரவையில் இடம் யாண்டுளது?

அங்ஙனம் எடுத்த உருவத்திற்குப் பெயரிடுவர். மறைந்த தலைவன் பெயரையே இடுதலும் உண்டு. அதற்கென ஊரில் ஒரு சிறுகுடில் அமைப்பர். அதனைக் காப்பதற்கு ஒருவர் அமர்வர். ன்கிஷியின் குறிப்பு அவர்க்குக் கனவில் வெளிப்படும் என்பது அம்மக்கள் துணிபு. பிறைதோன்றும் நாளில் அதனை வெளிக்கொணர்ந்து, செம்பனையெண்ணெய் பூசி, கோழி முதலியன பலியிட்டு, ஊரார் கூடி விழவயர்வர். அதனை வெறுங்கையால் எடுத்தல் தகாது. கைகளினிடையே கழிகள் செருகிக் கட்டி, அக்கழிகளைப் பற்றியே தூக்கிச் செல்வர். அதனகத்துள்ள ஆற்றல் தீண்டுவாரைத் தாக்குமென்பது கருத்து. ஊரின் பழைய நிகழ்ச்சிகளை இன்ன ன்கிஷியின் காலத்து நிகழ்ந்தன என்று சுட்டி வழங்கும் மரபும் உண்டு. ஆகவே அது காவலன் மட்டுமன்று, ஊரின் நினைவேடுமாம்.

ஈண்டு ஒருசாரார் தடை நிகழ்த்துவர். “எவ்வளவு விரித்துரைப்பினும், எண்ணெய் பூசப்பட்டது மரமே, பலி பெற்றதும் மரமே. ஆதலின் இது கட்டை வணக்கமேயாம்” என்பது அவர் கூற்று. இது பொருந்தாது. என்னையெனின், ஒரு பொருளையே தெய்வமெனக் கொள்வார் அப்பொருள் உள்ளளவும் அதனைப் போற்றுவர். சொங்யே மக்களோ அங்ஙனஞ் செய்திலர். ன்கிஷி தன் வினையிற் குன்றிற்றென்று கண்டவழி, பிஷிம்பாவை நீக்கிவிடுவர். நீக்கியபின் எஞ்சிய உருவத்தை எறிதற்கோ விற்றற்கோ அவர் அஞ்சினாரல்லர். நேற்றுக் கழியிட்டுத் தூக்கியதனை இன்று கையாற் பற்றிக் கொடுத்தனர். மரம் நேற்றும் மரமே, இன்றும் மரமே; செதுக்கும் கெட்டிலது, வடிவும் கெட்டிலது. கெட்டது யாது? அகத்துப் பொருளும் அதன்வழி நின்ற ஆற்றலும். இவ்வேற்றுமையைத் தெள்ளிதின் உணர்ந்து ஒழுகியோரை, மரத்திற்கும் ஆற்றலுக்கும் வேற்றுமை அறியாதவர் என்றல் எங்ஙனம் அமையும்? வேற்றுமை அறியாதவர் யாரெனின், ஆற்றல் நீங்கிய கட்டையை விலைக்குப் பெற்று, ‘இதுவே இவர் தெய்வம்’ என எழுதி ஒட்டியவரே என்க.

அத்தடையார் பின்னும் கூறுவர்: “மனிதனே செய்து, மனிதனே நிறைத்து, மனிதனே நீக்குவதாயின், அஃது அவன் கற்பனையே யன்றோ? செய்யப்பட்டது என்னும் பெயர் பொருத்தமே” என்று. செய்யப்பட்டது என்பதை ஒரு மறைபொருளைக் கண்டுபிடித்து வெளியிட்டாற்போல இவர் மொழிகின்றனர். அதனைச் சொங்யே மக்கள் என்றும் மறைத்திலர். எவ்வூர் மூத்தோர் எடுப்பித்தனர், எந்த ன்கங்கா நிறைத்தான் என்பதனை அவரே எடுத்துரைப்பர். ஆற்றல் மரத்திற் பிறந்ததென்றும் அவர் கூறிற்றிலர். அது முன்னோர் ஆவியரைச் சார்ந்தது. பிஷிம்பா அதனை ஈர்த்து நிறுத்துவது. உருவம் அதற்கு இடம். இவையனைத்திற்கும் அப்பால், உலகைப் படைத்தோன் ஒருவன் உளனென்றும் அவர் கொண்டனர். அவனுக்கு ‘எஃபிலே முகுலு’ என்பது அவர் இட்ட பெயர். சொங்யே கிறித்தவர் தம் கடவுளைக் குறிக்கவும் அப்பெயரையே எடுத்தாள்கின்றனர். முழுமுதலைக் குறிக்கச் சொல்லே அற்றவர் என்று இகழ்ந்த சமயத்தார், அவரிடத்தே அச்சொல்லைக் கடன்பெற்ற பின்னும் தம் இகழ்ச்சியைத் திரும்பப் பெற்றிலர்.

இவ்விடத்து மற்றொரு பிழையும் விலக்கற்பாலது. பழிப்பினின்று இவரைக் காத்தல் வேண்டிப் பிற நாட்டுச் சமயங்களின் திருவுருவக் கொள்கைகளை எடுத்துக்காட்டி, ‘இதுவும் அதுவே’ என உரைப்பாரும் உளர். அன்பினாற் செய்யினும் அதுவும் தவறே. சொங்யே மக்களின் ன்கிஷி பிறர் கொள்கைக்கு நிழலன்று. அவர் கொள்கையை அவர் சொல்லாலும் அவர் ஒழுக்கத்தாலும் அறிதலே முறை. அலன் மெரியம் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1959-60இல் லுப்புப்பா ங்யே என்னும் சொங்யே ஊரில் தங்கி ஆராய்ந்து 1974இல் நூல் வெளியிட்டார். துன்யா ஹெர்சாக் என்னும் அம்மையார் 1970களில் அந்நாட்டிற் சென்று வினவி, முகமூடிகளையும் உருவங்களையும் பற்றி 1986இல் நூலியற்றினார். தெ புரோசுக்கும் இவர்க்கும் வேற்றுமை அறிவு மிகுதியாலன்று. இவர் அம்மக்களை வினவினர், அவர் வினவிற்றிலர். அத்துணையே.

இனி வலியதொரு தடையுண்டு. அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. “இவ்வுருவங்கள் அச்சத்தில் தோன்றி அச்சத்தை வளர்த்தன, சூனியம் என்னும் ஐயத்தால் அண்டை அயலாரை வருத்தும் கொடுமைக்குத் துணைநின்றன” என்பது அது. சொங்யே மக்கள் தீயாற்றலை இருவகையாகப் பகுப்பர்: ஒருவனிடத்து உள்ளுறையாய் இருப்பது ‘புச்சி’, கற்றுக்கொண்டு செய்வது ‘மசெண்டே’. நோயும் இறப்பும் இவற்றால் நேருமென்று அவர் அஞ்சியதும், அவ்வச்சத்தால் குற்றமற்றாரும் ஐயுறப்பட்டு அல்லலுற்றதும் உண்மை. அதனை மறைப்பதாற் பயனில்லை. ஆயினும் அக்குற்றத்தை ன்கிஷியின்மேல் ஏற்றுதல் வழக்குணராமையாம். ஊர்க்குரிய ன்கிஷி அத்தீமையைத் தடுத்தற்கே நிறுவப்பட்டது. தனியார் உருவத்தைத் தந்நலத்திற்கு ஆளக்கூடும் என்னும் ஐயம் சொங்யே மக்களிடத்தேயே இருந்தது. ஊரறிய எடுத்து, ஊரறிய வைத்து, ஊரறியப் போற்றும் பேருருவத்தை அவர் உயர்வாக மதித்தமைக்கு அதுவும் ஒரு காரணம். மறைவில் நிகழும் தீமைக்கு வெளிப்படையான பொதுக்காவலே மருந்து என்று கண்ட மக்களை அறிவிலிகள் என்னலாமா? அம்மருந்து நோயைத் தீர்த்ததா என்பது வேறு வினா. நோயுற்றோன் உண்ட மருந்தையே நோயென்று கூறுதல் அவ்வினாவிற்கு விடையாகாது.

“ஆப்பிரிக்கரே இவற்றைத் தீயிலிட்டனரே, அதற்கு என் சொல்லுவீர்?” என்று வினவுவாரும் உளர். ஆம், 1921இல் கீழ்க் காங்கோ எனப்படும் ஆற்றுமுகப் பகுதியில், கொங்கோ இனத்தவரான சீமோன் கிம்பாங்கு என்பார் கிறித்துவின் பெயரால் நோய்தீர்த்துப் பேசியபோது, மக்கள் தம் உருவங்களைத் தாமே எறிந்தனர். தம்முடையதைத் தாம் ஆராய்ந்து விடுதற்கு ஒரு மக்கட்கு உரிமையுண்டு. அதனை மறுப்பார் யாருமிலர். ஆயின் அந்நிகழ்ச்சியின் முடிவையும் உடன்கூறுதல் வேண்டும். உருவங்களை ஒழித்தற்கே வந்தேம் என்று பறைசாற்றிய பெல்ஜிய ஆட்சியார், அவற்றை ஒழிப்பித்த கிம்பாங்குவைப் போற்றினாரல்லர். அவ்வாண்டிலேயே மரண தண்டனை விதித்து, பின்னர் அதனை வாழ்நாட் சிறையாக மாற்றினர். முப்பதாண்டு சிறைப்பட்டு 1951இல் அவர் சிறையிலேயே மாண்டார். அவர் குற்றம் உருவத்தை வணங்கியதன்று, வணங்காமையுமன்று; தம் மக்கள் தம் பேச்சைக் கேட்குமாறு நின்றதே. ஆட்சியாளர் பகைத்தது கட்டையையன்று என்பது இதனால் விளங்கும். ஒரு மக்கள் தம்முட் கூடித் தமக்கென ஓர் ஆற்றலை நிறுவிக்கொள்ளுதலையே அவர் பகைத்தனர்.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். விஸ்மான் 1881-82இற் சென்றபோது சொங்யே நாட்டில் நெடுந்தெருக்களும் நிழல்மரங்களும் நிறைகுடிகளும் உடைய பேரூர்களைக் கண்டு வியந்தார். 1886-87இல் மீண்டுஞ் சென்றபோது அவ்வூர்கள் பாழ்பட்டுக் கிடந்தன. அடிமை வாணிகத்திற்பொருட்டு, சான்சிபாரைச் சார்ந்த திப்பு திப் என்பானைத் தலைமையாகக் கொண்டோரும் அவரைச் சார்ந்தோரும் நடத்திய கொள்ளையின் விளைவு அது. சொங்யே தலைவருள் ஒருவனாகிய லும்புங்குவும் அக்கொள்ளையிற் பங்குகொண்டான் என்பதும் மறைத்தற்கில்லை. 1885இல் அந்நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் உடைமையாயிற்று. 1908இல் பெல்ஜிய அரசின் குடியேற்றமாயிற்று. 1960 ஜூன் 30ஆம் நாள் விடுதலை பெற்றது. ஊரழிந்து, கிளையிழந்து, நோய்பரந்த அக்காலத்தே மக்கள் ஊர்க்காவலாகிய உருவத்தைச் சூழ்ந்து நின்றது வியப்பன்று. அவர்க்கு வேறு காவல் யார் தந்தார்?

அந்நாளில் ஐரோப்பாவில் நிகழ்ந்தது ஒன்றை ஈண்டு நினைத்தல் தகும். 1897இல் பிரசல்சு நகரையடுத்த தெர்வூரனில் லியோபோல்டு ஒரு காங்கோப் பொருட்காட்சி நடத்தினார். காங்கோவினின்று கொணரப்பட்ட உருவங்களும் படைக்கலங்களும் ஆங்கு வைக்கப்பட்டன. அவற்றோடு 267 காங்கோ மக்களும் கொணரப்பட்டு, குடிசைகளில் இருத்தி வேடிக்கையாகக் காட்டப்பட்டனர். அவருள் எழுவர் ஆங்கேயே இறந்தனர். உயிரில் பொருளை உயிருடையதெனக் கருதினார் என்று ஒரு மக்களைப் பழித்தவர், உயிருடைய மக்களையே உயிரில் பொருளாக்கிக் காட்சியில் வைத்தனர். இவ்விரண்டனுள் எது மயக்கம் என்பதனைக் கற்றோர் துணிக. அக்காட்சியிலிருந்து வளர்ந்ததே 1910இல் புதுமனை புகுந்த தெர்வூரன் பொருட்காட்சிச்சாலை.

இனிக் கலையென்று புகழ்வார் கொள்கை ஆராயப்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஓவியரும் சிற்பியரும் ஆப்பிரிக்க உருவங்களின் வடிவழகை உணர்ந்து போற்றினர். அவர்தம் கண்ணின் கூர்மை பாராட்டற்குரியதே. சொங்யே தச்சன் வளைவை விடுத்து மட்டமும் முனையுமாகச் செதுக்கிய முறையில் ஒரு பெருமிதம் உண்டு என்பதை மறுப்பாரில்லை. ஆயின் அப்புகழ்ச்சி செய்ததென்ன? விற்போரும் சேர்ப்போரும் தம் கண்ணிற்கு மாசெனத் தோன்றியவற்றை நீக்கினர். நாராடை களையப்பட்டது, கொம்பு பறிக்கப்பட்டது, எண்ணெயும் குருதியும் படிந்த மேற்பூச்சு துடைக்கப்பட்டது, வயிற்றுக்குழி வெறுங்குழியாகக் காட்டப்பட்டது. எஞ்சிய மரத்தின்மேல் விளக்கொளி வீசி, ‘ஆற்றலுருவம்’ என்று பெயர் எழுதினர். ஆற்றலென்று அதனை ஆக்கியோர் எதனைக் கருதினரோ, அதனைக் குப்பையில் எறிந்துவிட்டு எழுதிய பெயர் அது.

சில காட்சிச்சாலையார் அண்மைக் காலத்தே இவ்வுருவங்களைக் கதிர்ப்படம் எடுத்து நோக்கியபோது, புறத்தே காணப்படாத குழிகளும் அவற்றுட் செறித்த பொருள்களும் புலப்பட்டன. கண்ணாற் கண்டதே முழுப்பொருள் என்றிருந்தார்க்குக் கருவி வந்து உணர்த்தவேண்டியதாயிற்று. சொங்யே ஊர்ச் சிறுவனும் அறிந்திருந்ததனை அறிவதற்கு அவர்க்கு நூறாண்டு கடந்தது. இன்றும் அவ்விளக்கச் சீட்டுக்களில் தச்சன் பெயர் தெரியவில்லை என்று வருந்தி எழுதுவர். ஊரின் பெயரும், உருவத்திற்கு ஊரார் இட்ட பெயரும், ன்கங்காவின் பெயரும் இல்லாமைக்கு வருந்துவார் அரியர். சொங்யே மக்கள் முதன்மை கொடுத்ததனை விட்டு, ஐரோப்பியர் முதன்மை கொடுத்ததனையே தேடுதலின், அத்தேட்டமும் பழைய தீர்ப்பின் தொடர்ச்சியேயாம்.

இவ்வழக்கு வெறுஞ் சொல்வழக்கன்று. இன்று முடிவுசெய்ய வேண்டிய செயலொன்று இதனைச் சார்ந்துள்ளது. தெர்வூரனிலிருந்து 1976 முதல் 1982 வரை 114 பொருள்கள் காங்கோவிற்குத் திருப்பப்பட்டன. 2019இல் கின்ஷாசா நகரில் புதிய தேசியக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. 2022இல், குடியேற்றக் காலத்து முறையற்றுப் பெற்றவற்றைத் திருப்புதற்கு வழிசெய்யும் சட்டமொன்றைப் பெல்ஜியம் இயற்றிற்று. நடுவணரசின் உடைமையாயுள்ளனவே அதன்கட்பட்டன, தனியார் கையிலுள்ளன அதன்கட்பட்டில. திருப்புதல் அறமே, ஐயமில்லை. ஆயின் எதனைத் திருப்புவது? ‘கட்டையே இவர் தெய்வம்’ என்று கொண்டவர்க்குக் கட்டையைத் திருப்பினாற் கடன் தீரும். ‘கட்டையே இவர் கலை’ என்று கொண்டவர்க்கும் அத்துணையே. உண்மையறிந்தார்க்கோ அது போதாது. எவ்வூரினின்று, எவ்வாண்டில், யார் கையினின்று, எந்நிலையிற் கொண்டுவரப்பட்டது என்னும் குறிப்பேடுகளும் உடன்செல்லுதல் வேண்டும். ஊரார் ஆற்றல் நீக்கித் தாமே விற்றதனையும், ஆற்றல் நிறைந்திருந்தபோதே ஆயுதம் காட்டிப் பறித்ததனையும் ஒருதட்டில் வைத்து நிறுத்தலாகாது. முன்னது விலைப்பொருள், பின்னது ஓர் ஊரின் காவலைக் கவர்ந்த களவு. இவ்வேறுபாட்டை அறிதற்கு ன்கிஷி யாதென்று அறிதல் இன்றியமையாதது.

அங்ஙனம் மீண்ட உருவத்தை என்செய்வது என்பதனையும் பிறர் முடிவுசெய்தல் தகாது. சொங்யே மக்களுட் பலர் இன்று கிறித்தவர். அவருள் அதனை வேண்டாதார் இருப்பர், நினைவுப்பொருளாகப் போற்றுவார் இருப்பர், பண்டை மரபை மீட்க எண்ணுவாரும் இருப்பர். அவர் கூடி முடிவுசெய்தலே ன்கிஷியின் முறைக்கும் ஒத்தது. மூத்தோர் கூடி முடிவுசெய்தே அது பண்டு எடுக்கப்பட்டது.

இதுகாறும் கூறியவாற்றான், சொங்யே மக்கள் கட்டையை வணங்கினாரல்லர் என்பதும், ஊரின் உடன்பாட்டாலும் மூத்தோர் எண்ணத்தாலும் ன்கங்காவின் அறிவாலும் நிறைக்கப்பட்ட காவலையே போற்றினர் என்பதும், அந்நிறைவு நீங்கியவழிக் கட்டையைக் கட்டையென்றே விடுத்தனர் என்பதும் பெறப்பட்டன. ‘ஃபெட்டிஷ்’ என்னும் சொல் அவர் ஒழுக்கத்தைக் குறிப்பதன்று. அதனைக் காண மறுத்தவர் கண்ணின் குறையைக் குறிப்பது. அச்சொல்லை எழுத்தினின்றும் பேச்சினின்றும் நீக்குக. விளக்கச் சீட்டில் ஊர்ப்பெயர் எழுதுக. வெற்றுக்குழியை வெற்றுக்குழியென்றே சொல்லுக. எடுத்தெறிந்ததனை எறிந்தோம் என்று ஒப்புக. மரத்தை மட்டுமே கண்டு ஒரு மக்களைப் பழித்தலும், மரத்தை மட்டுமே கண்டு அவரைப் புகழ்தலும் அம்மக்களைக் காணாமையே யாகும். கட்டையைத் தவிர வேறொன்றும் கண்ணிற்படாதார்க்கே ‘கட்டை வணக்கம்’ என்னும் பெயர் பொருந்துவதென்க.